தங்கை அனுப்பிய காற்று

செல்லையாவின் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். உடும்பஞ்சோலையில் காலை நேரத்து மூடுபனி கடைக்குள்ளேயே வந்துவிடும். கையில் சூடான டம்ளர், எதிரே ஏலக்காய் மூட்டை ஏற்றிய ஜீப், அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. மலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைதான் தெரிந்தது.

போன் அதிர்ந்தது. முதலமடையிலிருந்து என் தங்கை ருக்மணி வாட்ஸப்பில் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தாள். அவள் குரல் பதிவெல்லாம் அனுப்புகிறவள் இல்லை. 'சாப்டியா' என்று எழுதுவாள், 'ஆச்சு' என்று நான் எழுதுவேன், அதோடு சரி. என்னவோ ஏதோ என்று பதறி அழுத்தினேன். சத்தம் முழுவதும் கூட்டி வைத்திருந்ததைக் கவனிக்கவில்லை.

கடையே அதிரும்படி ஓர் இரைச்சல் கிளம்பியது. செல்லையா பால் சட்டியை விட்டுவிட்டு ரோட்டை எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், லாரி ஏதும் பிரேக் பிடிக்காம வருதா?"

"லாரி இல்லை செல்லையா. என் தங்கச்சி."

"ஆத்தாடி! இம்புட்டுச் சத்தமாவா பேசுவாக?"

பேச்சே இல்லை. காற்றுதான். எங்கோ தகரம் ஒன்று அடித்துக்கொண்டது. மறுபடி காற்று. ஒரு கதவு. மறுபடி காற்று. அனுப்பத் தெரியாமல் தவறி அனுப்பிவிட்டாள் என்று நினைத்து நிறுத்தப் போனேன். அப்போதுதான் அவள் குரல் வந்தது.

"கேட்டியாண்ணா? இதை ஒரு படமா வரஞ்சு குடு. சீக்கிரம் வா."

அவ்வளவுதான். என் டீ அப்படியே ஆறிப்போனது.

மனசு அடங்கணும் சார்

'இயற்கைக் காட்சிகளை வரைகிறவர் ஏன் இப்படி எரிந்து விழுகிறீர்கள், சாந்தமாக எழுதக் கூடாதா' என்று இந்தத் தொடரின் சென்ற வாரப் பகுதியைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அம்மா தாயே, இந்த வாரம் முழுக்க உங்களுக்குத்தான்.

மலையை வரைகிறவன் மலை மாதிரி இருப்பான் என்று யார் கிளப்பிவிட்டதோ தெரியவில்லை. இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக வந்து, ஓய்வு பெற்று, இங்கேயே தங்கிவிட்ட ஆள் நான். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட ஓரிடத்தில் ஒழுங்காக உட்கார்ந்தது கிடையாது. பிரஷ்ஷைக் கழுவப் போனவன் பாதியில் கடைக்குப் போவேன். கடைக்குப் போனவன் எதற்குப் போனோம் என்று மறந்து திரும்புவேன்.

தங்கையின் காற்று வந்த சமயத்தில் ஒரு வேலை வேறு கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. ஊருக்கு வெளியே சுற்றுலாக்காரர்களுக்காகத் தங்கும் விடுதி கட்டிய ஒருவர், வரவேற்பறைக்குப் பெரிய படம் கேட்டிருந்தார்.

"வர்றவுக பாத்த ஒடனே மனசு அப்படியே அடங்கிரணும் சார்."

"அடங்காவிட்டால்?"

"பச்சையக் கொஞ்சம் கூட்டிப் போடுங்க."

கூட்டிப் போட்டேன். ஏலச்செடி, அதற்கு மேலே நிழல் மரங்கள், அதற்கு மேலே பனி. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவர் வந்து பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதிய. ஒங்க மரமெல்லாம் எங்கயோ கெளம்பிப் போற மாதிரியே இருக்கு."

எனக்கு வந்ததே கோபம்! அவரை அனுப்பிவிட்டுப் பார்த்தால், மனிதர் சொன்னதில் தப்பே இல்லை. என் மரங்கள் எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

நான் பிறந்தது பாலக்காட்டுப் பக்கம் எருத்தேன்பதியில். கார்த்திகை பிறந்துவிட்டால் கிழக்கேயிருந்து காற்று பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து மாசி வரைக்கும் ஓயாது. அங்கே நிற்கிற பனையும் வேம்பும் மேற்கே பார்த்துக் கொஞ்சம் குனிந்துதான் நிற்கும். மரம் என்றால் அப்படித்தான் என்று என் கைக்கு அந்த வயதிலேயே பதிந்துவிட்டது போலிருக்கிறது. தண்டல்காரனுக்குக்கூட மரியாதை தராத கை, அந்தக் காற்றுக்கு மட்டும் இன்னும் கட்டுப்படுகிறது.

இது வகுப்பிலும் நடக்கும். இயற்கைக் காட்சி வரை என்றால் பிள்ளைகள் இரண்டு மலை போட்டு நடுவில் சிரிக்கிற சூரியனை வைப்பார்கள். பனியில் நாள்கணக்காகச் சூரியனையே பார்க்காத எஸ்டேட் பிள்ளைகள்! "எங்கே இருக்கிறது இந்தச் சூரியன், ஜன்னல் வழியாகக் காட்டு பார்க்கலாம்" என்று ஒரு பெண்ணைப் பிடித்துக் கத்தினேன். அவள் கொஞ்சமும் பயப்படவில்லை. "வெயில் அடிச்சாத்தான சார் எங்கம்மா கம்பளியக் காயப்போடும்?" என்றாள். அவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன். மற்றவர்களிடம் தொடர்ந்து கத்தினேன்.

கண்ணுக்குத் தெரிவதை யார் வரைகிறார்கள்? மனதில் எது அரித்துக்கொண்டிருக்கிறதோ அதுதான் மரமாகவும் மலையாகவும் வந்து நிற்கிறது.

நான் வரைந்ததிலேயே அசையாமல் நிற்கிற மரங்கள் ஒரே ஒரு படத்தில்தான் உண்டு. அது ருக்மணி வீட்டில் தொங்குகிறது. வினையே அதுதான்.

ஆசாரத்துப் படம்

ருக்மணியைக் கட்டிக்கொடுத்தது அதே காற்றுப் பாதையில் இருக்கும் முதலமடையில் மாந்தோப்புக்காரக் குடும்பத்தில். மாப்பிள்ளை பெயர் தங்கவேலு. தோப்புக்கு நடுவில் வீடு. தோட்டத்துச் சாளை என்பார்கள். சுற்றிலும் மா, மா, மா. கூப்பிடு தூரத்தில் இன்னொரு வீடு கிடையாது. எங்கள் பக்கத்தில் அது பெருமை. சொந்த மண்ணில், சொந்தக் கிணற்றடியில் குடியிருக்கிறவன்தான் பண்ணையக்காரன்.

ஓர் ஐப்பசி மாதம், மேற்கு மழை ஓய்ந்து கிழக்குக் காற்று இன்னும் தொடங்காத நாட்களில், விடுமுறைக்கு அங்கே போயிருந்தேன். தங்கை அரிசியும் பருப்பும் போட்டுச் சோறாக்கி, நெய்யை ஊற்றி, வேண்டாம் வேண்டாம் என்ற பிறகும் வைத்தாள். தின்றுவிட்டு மரத்தடியில் கட்டிலைப் போட்டுத் தூங்கினேன். எழுந்து வரைந்தேன். ஓர் இலை அசையவில்லை. மரங்களுக்குக் கீழே வெயில் வட்டம் வட்டமாகக் கிடந்தது. பின்னால் வீட்டின் வெள்ளைச் சுவர். நல்ல படம். இன்றைக்கும் சொல்வேன், நல்ல படம்.

தங்கவேலு அதற்குச் சட்டம் போட்டு, ஆசாரம் என்று நாங்கள் சொல்லும் முன்கூடத்தில் மாட்டிவிட்டார். வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து, "என்னா நிம்மதி!" என்றுவிட்டுத்தான் உட்காருவார்கள்.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கதை. தெரியாத மீதியைக் காற்றை அனுப்பிய அன்று போனில் ருக்மணி கொட்டினாள்.

மகள் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். தங்கவேலு விடிந்ததும் வண்டியை எடுத்தால் மருந்தடிக்கிறவர்கள், காய் பறிக்கிறவர்கள், லாரி, மண்டி என்று அலைந்துவிட்டுப் பொழுது சாயத்தான் வருவார். மதியம் வந்து அவசரமாகச் சாப்பிட்டால் உண்டு. மற்ற நேரமெல்லாம் ருக்மணியும் காற்றும்தான். கடைவீதிப் பக்கம் சின்னதாக ஒரு வீடு எடுத்துப் போய்விடலாம் என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வண்டியில் வந்து போகிற தூரம்தான். தோப்பு எங்கும் ஓடிப்போகாது.

"அதுக்கு மாப்பிள்ளை என்ன சொல்றாரு அம்மிணி?"

"என்ன சொல்வாரு? கோயமுத்தூர்க்காரங்க இந்தமாதிரி எடத்துல ரண்டு நாள் தங்கறதுக்குக் காசு குடுத்து வர்றாங்க, நீ சந்துக்குள்ள போறேங்கறயான்னு கேக்கறாரு. அப்பறம் செவுத்தைக் காட்டுவாரு. அங்க பாரு, உங்கண்ணனே படம் போட்ட எடம் இதும்பாரு."

"நல்ல படம்தானே?"

"நல்ல படம்தாண்ணா, ஆரு இல்லைன்னா? அதுல இருக்கறது உன்ற சந்தோசம். நல்லாத் தின்னுட்டு, தூங்கி எந்திரிச்சு நீ போட்டது. அதை எங்கூட்டுச் செவுத்துல மாட்டிப்போட்டு என்னைய வாயத் தொறக்க உடமாட்டேங்கறாரு."

சுருக்கென்றது. வழக்கம்போல எகிறினேன். "அப்படின்னா கழட்டி வீசிடு!"

"வீசறது பெருசில்லண்ணா. நான் பாக்கறதை ஒரு படம் போட்டுக் குடு. நாஞ்சொன்னா அவருக்கு ஏறல. நீ போட்டா நம்புவாரு."

விடுதிக்காரரின் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, மறுநாளே கிளம்பினேன்.

ஒரு பூ கூட வரக் கூடாது

போடிமெட்டு வழியாக மலையிறங்கி, பஸ் மாறி மாறி, பொள்ளாச்சி தாண்டி முதலமடைக்குப் போய்ச் சேர்ந்தபோது உடம்பெல்லாம் புழுதி. தோப்புக் கேட்டில் ஒரு பூசணிக்காய், அதில் கரியால் வரைந்த பூத முகம். பக்கத்தில் பிய்ந்த செருப்பு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே மரங்கள் தலை முதல் கால் வரை பூத்திருந்தன.

இதை எழுதும்போதுகூடக் கொஞ்சம் தயங்குகிறேன். ஏனென்றால் எங்கள் பக்கம் மாம்பூவைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசமாட்டார்கள். பூ எப்படி என்று கேட்டால், கொட்டிக் கிடந்தாலும் "ஏதோ இருக்குதுங்க" என்பார்கள். விரலை நீட்டிக் காட்டமாட்டார்கள். போட்டோ எடுப்பதென்றால் பேச்சே இல்லை. மாங்காய் வியாபாரி ஒருவர் சும்மா போனைத் தூக்கியதற்குத் தங்கவேலு ஓடிப்போய் உள்ளங்கையால் போனைப் பொத்திவிட்டாராம். பூவுக்குக் கண்ணு பட்டால் கருகிவிடும்.

அப்படிப்பட்டவர் முன்னால் நான் கேன்வாஸைப் பிரித்தேன்.

"மச்சான்! என்னுங்க இது?"

"படம் வரையத்தான் வந்திருக்கேன் மாப்ளே."

"இந்த மாசத்துலயா? ஐப்பசில வாங்க, ஆடில வாங்க, இந்த ஊடே உங்குளுது. இப்ப வேண்டாமுங்க. போன வருசமும் பூ நின்னு காயாகல. நாம்படற பாடு உங்குளுக்குத் தெரியாதுங்க."

மனிதர் நடுங்கிவிட்டார். பாவமாக இருந்தது. ருக்மணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பூவைப் போடமாட்டாருங்க. அண்ணங்கிட்ட நாஞ்சொல்லிட்டேன்."

"ஒரு பூ வரக் கூடாதுங் மச்சான்."

"வராது."

"சத்தியமா?"

"சத்தியமா மாப்ளே, ஆளை விடுங்க."

பூத்துக் குலுங்கும் மாந்தோப்பைப் பூவே இல்லாமல் வரைய ஒப்புக்கொண்ட ஓவியன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. பூவும் காற்றும் ஒரே காலத்தில் வருகின்றன. பூவைப் படமெடுக்கக் கூடாது என்பதால் காற்றுக் காலத்தையே யாரும் படமெடுத்ததில்லை. அந்தத் தோப்பில் எடுத்த போட்டோ, வீடியோ, நான் வரைந்த படம், எல்லாமே காற்று இல்லாத மாதங்களில் வந்தவை. தங்கை தவித்துக் கிடக்கிற மாதங்கள் எந்தப் படத்திலும் இல்லை.

பேய்ப் படம்

முதல் நாள் வாசலில் நின்று வரையப் பார்த்தேன். கேன்வாஸ் பட்டமாகப் பறக்கப் பார்த்தது. கயிறு போட்டு மரத்தோடு கட்டினேன். எண்ணெய் வண்ணம் ஈரமாக இருந்ததால் புழுதி முழுவதும் வந்து அப்பிக்கொண்டது. காது அடைத்து, கண் எரிந்து, வாயில் மண். எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தியால் வண்ணத்தை அள்ளி அள்ளி அறைந்தேன். முறுக்கிக்கொண்ட மரங்கள், ரத்தம் கட்டிய மாதிரி வானம், வீட்டின் மேல் கறுப்பு நிழல். மாப்பிள்ளை மேல் எனக்கு இருந்த கோபமும் அதில் இருந்தது.

சாயங்காலம் ருக்மணியைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்னண்ணா இது, பேய்ப் படத்துக்குப் போஸ்டரா?"

"நீதானே காற்றை வரையச் சொன்னே!"

"இது கோவம்ண்ணா. எனக்குக் கோவமிருந்தா அவருகூட நேத்தே சண்டை போட்டிருப்பேன். அவரு நல்ல மனுசன். எனக்குக் கோவமில்ல, அழுகையுமில்ல. இருப்புக் கொள்ள மாட்டேங்குது. அவ்வளவுதான்."

"இருப்புக் கொள்ளாததை எப்படி அம்மிணி வரையறது?"

"அது உன்ற பாடு. நீதான வாத்தியாரு?"

அன்று சோறு இறங்கவில்லை. இத்தனை காலம் கோபமென்றால் சிவப்பு, துக்கமென்றால் நீலம், தவிப்பென்றால் மரத்தை வளை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். தங்கையின் தவிப்புக்கு என்னிடம் ஒரு நிறம் இல்லை. படத்தை வழித்துத் துடைத்துவிட்டேன்.

சமையலறை ஜன்னல்

மறுநாள் வெளியே போகவில்லை. சமையலறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். வரையவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காய் நறுக்கினாள். தட்டென்று சத்தம். மோட்டார் ரூம் தகரம். கத்தியை வைத்துவிட்டு எழுந்து, வாசலைக் கடந்து, கேட் வரை போய், எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். உட்கார்ந்து இரண்டு கத்தரிக்காய் நறுக்கினாள். மறுபடி சத்தம். மறுபடி எழுந்தாள்.

"எங்கே போறே?"

"கேட்டு தொறக்கற சத்தமாட்ட இருக்குது. யாராச்சு வந்திருந்தா?"

"காற்று, அம்மிணி."

"தெரியும். இருந்தாலும் வந்திருந்தா?"

"அந்தத் தகரத்துக்கு ஓர் ஆணி அடிக்கக் கூடாதா?"

"அடிச்சுப் பாத்தாச்சு. தகரம் நின்னா கதவு அடிக்கும். கதவை நிறுத்துனா கெணத்துச் சகடை கத்தும். எல்லாமே யாரோ வர்றமாதிரிதாண்ணா கேக்குது."

இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் எழுந்து போன ஒருமுறை, அவள் இடத்தில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜன்னலுக்கு மேலே தாழ்வாக இறங்கிய தகரச் சார்ப்பு, மரங்களின் மேல் பாதியை வெட்டிவிட்டது. பூ இல்லை, கிளை இல்லை, வானம் இல்லை. வெறும் அடிமரங்கள் வரிசையாக நின்றன. காய்ந்த இலைகள் தரையோடு ஓடின. கடைசியில் மூடிய கேட்.

மாப்பிள்ளை நாள் முழுக்க அண்ணாந்து பூவைப் பார்க்கிறார். இவள் நாள் முழுக்க அடிமரத்தைப் பார்க்கிறாள். இருவரும் ஒரே தோப்பில்தான் இருக்கிறார்கள்.

வாசலில் இன்னொன்றையும் பார்த்தேன். சமையலறைப் படியிலிருந்து கேட் வரைக்கும் ஒற்றையடித் தடம் ஒன்று விழுந்திருந்தது. தேய்ந்து, வெளுத்து, நேராக ஓடியது.

போய்க் கேன்வாஸை எடுத்தேன். வளைந்த மரம் வேண்டாம், சிவப்பு வானம் வேண்டாம். நல்ல மதிய வெயில். பழுப்பு, காவி, கொஞ்சம் சாம்பல். வாழ்க்கையில் முதல் தடவையாக மரங்களை நிமிர்த்தி நிறுத்தினேன். கை சாய்க்கத்தான் பார்த்தது, விடவில்லை. நடுவில் அந்தத் தடம். முடிவில் கேட். ஆள் இல்லை.

ருக்மணி வந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அடுப்புக்குப் போய், குழம்பைக் கிளறிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"கேட்டை இன்னும் கொஞ்சம் தள்ளி வை."

"அளவெல்லாம் சரியாக இருக்கு. ஜன்னலில் இருந்து பார்த்தால் அவ்வளவு தூரம்தான்."

"உனக்கு அவ்வளவு தூரம்தான். எனக்கு இன்னும் தூரம்."

வாய்ச்சண்டை போடாமல் நான் ஒத்துக்கொண்ட திருத்தம் அது ஒன்றுதான். கேட்டை அழித்து, சின்னதாக்கி, தள்ளி வைத்தேன். அடேயப்பா! படம் அந்த நிமிடத்தில்தான் மூச்சுவிட்டது. தடம் நீண்டுகொண்டே போய், போய்ச் சேராத மாதிரி ஆகிவிட்டது.

யார் நடந்தது

அன்று மதியச் சாப்பாட்டுக்குத் தங்கவேலு நேரம் கழித்துத்தான் வந்தார். முதல் காரியமாகப் படத்தின் முன்னால் குனிந்து, மூலைக்கு மூலை பூ இருக்கிறதா என்று தேடினார். இல்லை என்றதும் முகம் தெளிந்தது.

"பரவால்லீங் மச்சான், சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க."

பிறகு தட்டோடு உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்தபடியே மறுபடி பார்த்தார். காட்டுப்பன்றி புகும் தோப்பு அது. காலையில் எழுந்ததும் தரையைப் பார்த்து, எது எந்தப் பக்கம் வந்தது என்று சொல்லிவிடுவார். அந்தக் கண் படத்தில் இருந்த தடத்திலேயே போய் நின்றது.

"இதென்னுங்க தடம்? பன்னி பூந்துருச்சா?"

ருக்மணி குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"பன்னி இல்லீங்க. நாந்தான்."

"நீயா? எங்க போனே?"

"கேட்டு வரைக்கும்."

"எதுக்கு?"

"யாராச்சு வந்தாங்களான்னு பாக்கறதுக்கு."

"யாரு வந்தா?"

"யாரும் வல்லீங்க."

தங்கவேலு என்னைப் பார்த்துச் சிரித்தார். "மச்சான் சும்மா கைக்கு வந்ததைப் போட்டுட்டாரு. தெனமும் அந்த வாசல்ல வண்டி ஓட்டிட்டுப் போறவனுக்குத் தெரியாதா, தடம் இருக்குதா இல்லையான்னு?"

"போயிப் பாத்துட்டு வாங்க" என்றாள் ருக்மணி. குரலை உயர்த்தவில்லை. இத்தனை வருடம் கேட்டுக் கேட்டு நடக்காத ஒன்று, இந்தச் சில அடி மண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது.

எச்சில் கையோடு எழுந்து போனார். நாங்கள் ஜன்னலில் நின்று பார்த்தோம்.

படியிறங்கிக் குனிந்தார். பன்றித் தடத்தைப் பார்க்கிற மாதிரியே உற்றுப் பார்த்தார். செருப்பில்லாத காலை அதன்மேல் வைத்தார். அப்படியே நடந்து கேட் வரை போனார். திரும்பினார். பாதி வழி வந்திருப்பார், மோட்டார் ரூம் தகரம் படாரென்று அடித்தது.

சட்டென்று திரும்பிக் கேட்டைப் பார்த்தார்.

யாருமில்லை. காற்றுதான். இப்போதுதான் அங்கே போய், மூடியிருந்ததைத் தொட்டுவிட்டு வந்த மனிதர். ஆனாலும் திரும்பிப் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு அந்தத் தடத்தின் நடுவிலேயே நின்றார். அங்கேயிருந்து ஜன்னலைப் பார்த்தார். ருக்மணி நகரவில்லை. அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. நேற்றுதான் 'அழுகையுமில்ல' என்று சொன்னவள்.

உள்ளே வந்து கையைக் கழுவினார். தட்டில் சோறு அப்படியே இருந்தது. கழுவிய கையோடு அதற்கு முன்னால் மறுபடி உட்கார்ந்தார்.

"மோர் ஊத்து" என்றார்.

ஊற்றினாள். பிசைந்தார், சாப்பிடவில்லை.

"வாடகைக்குப் போறோம்னு ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம். மண்டிக்குப் பக்கத்துல இருந்தா எனக்குத் தோதுன்னு எடுத்தமுன்னு சொல்லிக்கலாம்."

"சொல்லிக்கலாங்க."

"பறிப்பு முடியட்டும்."

"பூ கொட்டறதுக்குள்ள போயிரலாங்க."

"பூவைப் பத்திப் பேசாத புள்ள!" என்று அலறினார். மூவரும் சிரித்துவிட்டோம். எனக்குத்தான் சிரிப்பு நிற்கவே இல்லை, ஏனென்று தெரியவில்லை.

இப்போது

பொங்கல் கழிந்த கையோடு கடைவீதிக்குப் பின்னால் ஒரு வீட்டுக்குப் போய்விட்டார்கள். தங்கவேலு தோப்புக்கு வண்டியில் போய்வருகிறார். மண்டிக்குத் தோதாக இருக்கிறதென்று, கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். பழைய படம் சாளையிலேயே தொங்குகிறது. தொங்கட்டும், அது என் சந்தோஷம்.

புதுப் படத்தை ருக்மணி எடுத்துக்கொள்ளவில்லை. "அதெதுக்குண்ணா இங்க? வேலை முடிஞ்சுது, நீயே கொண்டுபோ" என்றுவிட்டாள். உடும்பஞ்சோலையில் என் அறையில் சாய்த்து வைத்திருக்கிறேன். ஜன்னல் வழியாக வந்து வண்ணத்தில் ஒட்டிய புழுதியைத் துடைக்கவில்லை.

விடுதிக்காரர் தன் படம் என்ன ஆனது என்று கேட்க வந்தவர், இதன் முன்னால் நின்றுவிட்டார். நின்றபடியே சட்டைப் பையைத் தடவினார்.

"என்ன, மனசு அடங்கலையா?" என்றேன்.

"இல்ல சார். வீட்டுக்கு ஒரு போன் போட்டுட்டு வந்துர்றேன்" என்று வெளியே போனார். பனியில் ஆள் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது. "ஒண்ணுமில்லம்மா, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சென்ற வாரம் அதே டீக்கடை, அதே பெஞ்சு. ருக்மணியிடமிருந்து குரல் பதிவு. இந்த முறை தெரிந்தே சத்தத்தைக் கூட்டினேன்.

மிக்ஸி ஓடுகிறது. யாரோ ஒருத்தி குழாயடியில் குடத்தை நகர்த்தச் சொல்லிச் சண்டை போடுகிறாள். குழந்தை வீரிட்டு அழுகிறது. லாரி ஒன்று பின்வாங்கி ஹாரன் அடிக்கிறது. பக்கத்து வீட்டு டிவி. அதற்கும் மேலே, "அக்கா, கொஞ்சம் கறிவேப்பிலை இருக்குதுங்களா?" என்று ஒரு குரல்.

செல்லையா காதைப் பொத்திக்கொண்டார். "என்ன சார் இது, திருவிழாவா?"

"இல்லை. என் தங்கச்சி வீடு."

கடைசியில்தான் அவள் பேசினாள். யாரிடமோ "இதா வந்துட்டேன்" என்று கத்திவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு போனை வாய்க்குக் கிட்டத்தில் கொண்டுவந்தாள்.

"கேட்டியாண்ணா? இதை ஒண்ணும் வரைய வேண்டாம். சும்மா கேளு."